லாரி லெவன்

லாரி லெவன் (ஜூலை 20, 1954 – நவம்பர் 8, 1992) அமெரிக்காவின் நியூயார்க் நகரைச் சேர்ந்த புகழ்பெற்ற டி.ஜே., ரீமிக்ஸ் கலைஞர், இசைத் தயாரிப்பாளர் ஆவார். இவரது இயற்பெயர் லாரன்ஸ் பில்பாட். மன்ஹாட்டன் பகுதியில் இருந்த பாரடைஸ் கராஜ் என்னும் நடனக் கூடத்தில் 1977 முதல் 1987 வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவர் முதன்மை டி.ஜே.யாகப் பணியாற்றினார். நடன இசையின் ஒரு வகைக்குக் "கராஜ்" என்ற பெயர் இக்கூடத்திலிருந்தே வந்தது. எனினும் லெவன் தம்மை எந்தவொரு இசை வகைக்குள்ளும் அடக்கிக்கொண்டவர் அல்லர். டிஸ்கோ, சோல், ஃபங்க், ராக், ரெகே, ஜெர்மானிய மின்னணு இசை எனப் பலவற்றையும் அவர் ஒரே இரவில் ஒலிக்கச் செய்தார். ஒரு டி.ஜே. ஒரே பாணியில் தேர்ச்சி பெற வேண்டுமா, பல பாணிகளையும் கையாள வேண்டுமா என்ற கேள்விக்கு இவரது வாழ்க்கை ஒரு முக்கியமான எடுத்துக்காட்டாகும்.

டி.ஜே. என்பவர் யார்?

டிஸ்க் ஜாக்கி என்பதன் சுருக்கமே டி.ஜே. என்பது. தொடக்கத்தில் வானொலியில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பியவர்களை இச்சொல் குறித்தது. பின்னர் நடனக் கூடங்களில் இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுத்து இடைவெளியின்றி ஒலிக்கச் செய்பவர்களையும் குறிக்கலாயிற்று. இரண்டு அல்லது மூன்று இசைத்தட்டுச் சுழலிகளும் அவற்றின் ஒலியைக் கலக்கும் ஒரு கருவியும் இவரது அடிப்படைக் கருவிகளாகும். ஒரு பாடல் முடியும் முன்பே அடுத்த பாடலின் சுழற்சி வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ இரண்டின் தாளத்தையும் பொருத்தி, கேட்போர் அறியாவண்ணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது இக்கலையின் முதன்மையான நுட்பம் ஆகும்.

இந்த நுட்பத்தில்தான் பாணி குறித்த கேள்வியும் அடங்கியுள்ளது. ஒரே வகைப் பாடல்களின் தாள வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் அவற்றைப் பொருத்துவது எளிது. நிமிடத்திற்கு 120 தட்டுகள் கொண்ட ஒரு பாடலுடன் 122 தட்டுகள் கொண்ட பாடல் எளிதில் இணையும். ஆனால் 98 தட்டுகள் கொண்ட ஒரு பாடலை அதனுடன் இணைக்க முயன்றால் நடனமாடுவோரின் கால்கள் தடுமாறும். ஆகவே பல பாணிகளைக் கையாள விரும்பும் டி.ஜே. தாளப் பொருத்தத்தைத் தவிர வேறு வழிகளையும் அறிந்திருக்க வேண்டும்.

இளமைக்காலம்

லெவன் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தாயார் மின்னி லெவன். தாயாரின் குடும்பப் பெயரையே இவர் பின்னாளில் தமது பெயராகக் கொண்டார். பிறவியிலேயே இதயக் குறைபாடு உடையவராக இருந்த இவருக்கு ஆஸ்துமா நோயும் இருந்தது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய இவர், நகரின் தன்பால் ஈர்ப்புடைய ஆப்பிரிக்க அமெரிக்க இளைஞர்களின் கலை வட்டாரத்தில் இணைந்தார். அங்குதான் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவரின் நட்பு இவருக்குக் கிடைத்தது. இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். பின்னாளில் இருவரும் நடன இசை வரலாற்றில் இரு வேறு திசைகளின் அடையாளங்களாக ஆயினர்.

1970களின் தொடக்கத்தில் இவர்கள் இருவரும் இரண்டு இடங்களில் பாடம் பயின்றனர் எனலாம். முதலாவது, டேவிட் மான்குசோ என்பவர் 1970ஆம் ஆண்டு பிராட்வே சாலையில் தமது இல்லத்தில் தொடங்கிய தி லாஃப்ட். அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே வரக்கூடிய இவ்விருந்துகளில் மது விற்பனை இல்லை. மான்குசோ ராக், சோல், ஆப்பிரிக்க, இலத்தீன் இசைகளை வேறுபாடின்றி ஒலிக்கச் செய்தார். ஒலியின் தரத்தில் அவர் மிகுந்த கவனம் செலுத்தினார். இரண்டாவது, நிக்கி சியானோ என்பவர் நடத்திய தி கேலரி. இங்கு லெவனும் நக்கிள்ஸும் பலூன்களை ஊதுதல், கூடத்தை அலங்கரித்தல் முதலிய பணிகளைச் செய்தனர். பாடல்களைத் துணிவுடன் கலக்கும் முறையை அவர்கள் சியானோவிடம் கண்டனர். மான்குசோவிடமிருந்து தெரிவின் விரிவையும், சியானோவிடமிருந்து மேடை நாடகத்தையொத்த உணர்ச்சிப் பெருக்கையும் லெவன் பெற்றுக்கொண்டார்.

தொழில் தொடக்கம்

மன்ஹாட்டனின் அன்சோனியா விடுதிக் கட்டடத்தின் நிலவறையில் இயங்கிய காண்டினென்டல் பாத்ஸ் என்னும் குளியல் கூடத்தில் லெவன் முதலில் ஒளியமைப்பாளராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே டி.ஜே. ஆனார். இவர் விலகிய பின் நக்கிள்ஸ் அப்பொறுப்பை ஏற்றார். அடுத்து, ஒலியமைப்புப் பொறியாளர் ரிச்சர்ட் லாங் நடத்திய சோஹோ பிளேஸ் என்னும் இடத்திலும், மைக்கேல் பிராடி என்பவர் ரீட் தெருவில் நடத்திய கூடத்திலும் இவர் பணியாற்றினார். ரீட் தெருக் கூடம் மூடப்பட்டபோது, பிராடி இவருக்கெனவே ஒரு புதிய இடத்தை உருவாக்க முற்பட்டார்.

பாரடைஸ் கராஜ்

கிங் தெரு 84ஆம் இலக்கக் கட்டடம் முன்பு வாகன நிறுத்தகமாக இருந்தது. கூடத்தின் பெயரும் அதிலிருந்தே வந்தது. 1977இல் கட்டுமானம் நடைபெறும்போதே இங்கு விருந்துகள் தொடங்கின. முறையான திறப்பு விழா 1978 ஜனவரியில் நடைபெற்றது. கடும் பனிப்பொழிவால் ஒலிக்கருவிகள் வந்து சேரத் தாமதமாகவே, அழைக்கப்பட்டவர்கள் கடுங்குளிரில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. அன்று மனம் கசந்து திரும்பிய பலர் மீண்டும் வரவில்லை. எஞ்சியவர்களும் பின்னர் புதிதாகச் சேர்ந்தவர்களுமே இக்கூடத்தின் குடும்பமாக உருவாயினர்.

இக்கூடத்தில் மது விற்கப்படவில்லை. உறுப்பினர்களும் அவர்களின் விருந்தினர்களும் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். மது உரிமத்திற்கான நேரக் கட்டுப்பாடு இல்லாமையால் நடனம் மறுநாள் காலை வரை, சில வேளைகளில் நண்பகல் வரை தொடர்ந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க அமெரிக்கரும் இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் ஆவர். அவர்களிலும் பலர் தன்பால் ஈர்ப்புடையோர். வெளியுலகில் பலவகையிலும் ஒதுக்கப்பட்ட இவர்களுக்கு இக்கூடம் அச்சமின்றிக் கூடுவதற்கான இடமாக இருந்தது. லெவனின் சனிக்கிழமை இரவுகளைப் பலர் தேவாலய வழிபாட்டிற்கு ஒப்பிட்டனர்.

ஒலியமைப்பை ரிச்சர்ட் லாங் வடிவமைத்தார். லெவன் அதில் நெருங்கிப் பங்கேற்றார். மிகத் தாழ்ந்த ஒலிகளை உடலால் உணரும்படி வெளியிடும் பெரிய ஒலிபெருக்கிகள் இங்கு அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒரு வகை லெவனின் பெயராலேயே அழைக்கப்பட்டது. ஒலிபெருக்கிகளின் இடத்தை அவ்வப்போது மாற்றுவதும், இரவு வளர வளர இசைத்தட்டு ஊசிகளை மேலும் உயர்தரமானவையாக மாற்றி ஒலியை மெருகேற்றுவதும் லெவனின் வழக்கம்.

இசைத் தெரிவு

லெவனின் அடித்தளம் நியூயார்க் டிஸ்கோவும் தேவாலய இசையின் சாயல் கொண்ட சோல் பாடல்களுமே. ஆனால் அவரது இசைத்தட்டுப் பெட்டியில் வேறு பலவும் இருந்தன. இங்கிலாந்தின் பங்க் ராக் குழுவான தி கிளாஷின் "தி மேக்னிஃபிசென்ட் டான்ஸ்", யோகோ ஓனோவின் "வாக்கிங் ஆன் தின் ஐஸ்", அமெரிக்க ராக் குழுவான ஸ்டீவ் மில்லர் பேண்டின் "மாச்சோ சிட்டி" ஆகியவை இக்கூடத்தில் பெரிதும் விரும்பப்பட்டன. ஜெர்மானியக் கலைஞர் மானுவேல் கோட்ஷிங் 1984இல் வெளியிட்ட "ஈ2-ஈ4" என்னும் ஏறத்தாழ ஒரு மணிநேர மின்னணு இசையையும் லெவன் தமது கூடத்தில் ஒலிக்கச் செய்தார். நடனத்திற்கென உருவாக்கப்படாத இந்த இசை பின்னாளில் மின்னணு நடன இசையின் முன்னோடிப் படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்பட்டதில் இதற்கும் பங்குண்டு.

இத்தனை வேறுபட்ட பாடல்களை அவர் எவ்வாறு ஒரே இரவில் இணைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. தாளப் பொருத்தத்தை அவர் கட்டாயமாகக் கொள்ளவில்லை. ஒரு பாடலை முழுவதுமாக முடியவிட்டு, சிறிது நேரம் அமைதி நிலவச் செய்து, பின்னர் அடுத்ததைத் தொடங்குவார். இடையில் இடி, மழை போன்ற ஒலிகளைச் சேர்ப்பார். விளக்குகளை அணைத்து இருளில் ஒரே ஒரு குரலை மட்டும் ஒலிக்க விடுவார். பாடல் வரிகளின் பொருள் ஒன்றையொன்று தொடரும்படி அமைத்து ஒரு கதையைச் சொல்வதும் உண்டு. நடன அரங்கில் கண்ணாடிப் பந்து தூசி படிந்திருப்பதைக் கண்டு, இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏணியில் ஏறி அதைத் துடைத்தார் என்றும் கூறப்படுகிறது. தொழில்நுட்பத் தூய்மையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவரைவிடச் சிறந்தவர்கள் அக்காலத்தில் இருந்தனர். ஆனால் ஓர் இரவின் உணர்வுப் போக்கை வடிவமைப்பதில் அவருக்கு நிகரானவர் அரிது.

"ஹார்ட்பீட்"

டானா கார்ட்னர் பாடி 1981இல் வெஸ்ட் எண்ட் நிறுவனம் வெளியிட்ட "ஹார்ட்பீட்" பாடலை ரீமிக்ஸ் செய்தவர் லெவன். அக்கால டிஸ்கோ பாடல்கள் நிமிடத்திற்கு 120 தட்டுகளைச் சுற்றி அமைந்திருக்க, இப்பாடலோ 100க்கும் குறைவான தட்டுகளைக் கொண்டிருந்தது. இதைப் பாரடைஸ் கராஜில் முதன்முதலில் ஒலிக்கச் செய்தபோது மக்கள் நடன அரங்கை விட்டு விலகினர். லெவன் பின்வாங்கவில்லை. அதை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். சில வாரங்களில் அதே மக்கள் அப்பாடலுக்காகக் காத்திருந்து ஆடத் தொடங்கினர். நகரின் கடைகளில் அது பெருமளவில் விற்பனையானது. பின்னாளில் ஹிப் ஹாப் கலைஞர்கள் பலர் அதன் இசைத் துண்டுகளைத் தமது பாடல்களில் பயன்படுத்தினர்.

ஒரே கூடத்தில், ஒரே மக்களிடம், வாரந்தோறும் பணியாற்றியவருக்கு மட்டுமே இது இயலக்கூடியது. ஓர் இரவு மட்டும் வந்து செல்லும் விருந்தினர் டி.ஜே. அரங்கைக் காலியாக்கினால் அவரை மறுமுறை அழைக்க மாட்டார்கள். லெவனுக்கோ அடுத்த சனிக்கிழமையும் உறுதியாக இருந்தது.

டிஸ்கோ எதிர்ப்புக் காலம்

ஜூலை 12, 1979 அன்று சிகாகோ நகரின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஸ்டீவ் டால் என்னும் வானொலி அறிவிப்பாளரின் முன்முயற்சியில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. கூட்டம் மைதானத்திற்குள் புகுந்ததால் அன்றைய இரண்டாவது ஆட்டம் கைவிடப்பட்டது. டிஸ்கோவைப் படைத்தவர்களிலும் விரும்பியவர்களிலும் ஆப்பிரிக்க அமெரிக்கரும் தன்பால் ஈர்ப்புடையோரும் மிகுதியாக இருந்ததால், இந்த எதிர்ப்பில் இசை வெறுப்பைவிட ஆழமான வெறுப்பும் கலந்திருந்தது எனப் பின்னாளில் பலர் சுட்டிக்காட்டினர். அதன்பின் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் டிஸ்கோ என்ற சொல்லையே தவிர்க்கத் தொடங்கின. ஒரே பாணியை நம்பியிருந்த பல கூடங்களும் கலைஞர்களும் பிழைப்பை இழந்தனர்.

பாரடைஸ் கராஜ் இதனால் வீழவில்லை. அங்கு கூடியவர்கள் டிஸ்கோவிற்காக மட்டும் வந்தவர்கள் அல்லர். லெவனின் இரவிற்காக வந்தவர்கள். 1980களின் தொடக்கத்தில் இசை மின்னணுக் கருவிகளை நோக்கி நகர்ந்தபோது அவரும் தயக்கமின்றி உடன் நகர்ந்தார்.

ரீமிக்ஸ் பணிகள்

12 அங்குல இசைத்தட்டு 1976 முதல் வணிக முறையில் விற்பனைக்கு வந்தது. பாடல்களை நீட்டித்து, தாளப் பகுதிகளுக்கு முதன்மை தந்து மறுஆக்கம் செய்யும் ரீமிக்ஸ் கலை இதனால் வளர்ந்தது. லெவனின் ரீமிக்ஸ் பணி 1978இல், சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியான செசாமே ஸ்ட்ரீட்டின் குக்கி மான்ஸ்டர் பாத்திரம் பாடிய "சி இஸ் ஃபார் குக்கி" பாடலுடன் தொடங்கியது என்பது சுவையான செய்தி. பின்னர் இன்ஸ்டன்ட் ஃபங்க் குழுவின் "ஐ காட் மை மைண்ட் மேட் அப்", ஆர்தர் ரஸ்ஸலும் ஸ்டீவ் டி'அக்விஸ்டோவும் உருவாக்கிய லூஸ் ஜாயின்ட்ஸ் குழுவின் "இஸ் இட் ஆல் ஓவர் மை ஃபேஸ்" ஆகியவற்றின் வழியாக இவர் புகழ்பெற்றார்.

மைக்கேல் டி பெனடிக்டஸ், பாடகர் பெர்னார்ட் ஃபௌலர் ஆகியோருடன் இணைந்து இவர் நியூயார்க் சிட்டி பீச் பாய்ஸ் என்னும் குழுவையும் உருவாக்கினார். இக்குழுவின் "டோன்ட் மேக் மீ வெயிட்" 1982இல் வெளியானது. எதிரொலிக்கும் கைதட்டல்களும் மின்னணு பேஸ் ஒலியும் கொண்ட இப்பாடல், டிஸ்கோவிற்கும் பின்னர் வந்த ஹவுஸ் இசைக்கும் இடைப்பட்ட பாலமாகக் கருதப்படுகிறது. ஜமாய்க்காவின் ஸ்லை டன்பர், ராபி ஷேக்ஸ்பியர் ஆகியோரின் தாளத்துடன் அமைந்த க்வென் கத்ரியின் பாடல்களை இவர் ரீமிக்ஸ் செய்தபோது, ரெகே இசையின் டப் உத்திகள் அவற்றில் இடம்பெற்றன. கூடத்தில் பல பாணிகளைக் கேட்டுப் பழகிய செவியின் பயன் இப்படைப்புகளில் தெளிவாகத் தெரிகிறது.

நக்கிள்ஸுடன் ஒப்பீடு

1977இல் சிகாகோவில் வேர்ஹவுஸ் என்னும் கூடத்தை நடத்திய ராபர்ட் வில்லியம்ஸ், முதலில் லெவனையே அழைத்தார். லெவன் நியூயார்க்கை விட்டு வர மறுக்கவே, அவ்வாய்ப்பு நக்கிள்ஸுக்குச் சென்றது. நக்கிள்ஸும் தொடக்கத்தில் டிஸ்கோ, சோல், ஐரோப்பிய மின்னணு இசை எனப் பலவற்றையும் கலந்தவரே. ஆனால் புதிய டிஸ்கோ பாடல்களின் வரத்துக் குறைந்தபோது, அவர் பழைய பாடல்களை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி நீட்டித்தார். பின்னர் தாளப்பொறியையும் சேர்த்துக்கொண்டார். அங்கிருந்து ஒரு தனிப் பாணி கிளைத்தது. வேர்ஹவுஸ் என்ற பெயரிலிருந்தே அதற்கு ஹவுஸ் என்ற பெயர் ஏற்பட்டது.

நக்கிள்ஸ் அந்த ஒரு பாணியின் தந்தையாக உலகெங்கும் அறியப்பட்டார். வேர்ஹவுஸை விட்டு விலகிய பின்னரும் அவரது பெயர் குன்றவில்லை. 1998இல் ரீமிக்ஸ் கலைஞருக்கான முதல் கிராமி விருதைப் பெற்றார். 2014இல் இறக்கும் வரை பல நாடுகளில் நிகழ்ச்சிகள் நடத்தினார்.

இறுதிக்காலம்

1980களில் எய்ட்ஸ் நோய் நியூயார்க் நகரின் தன்பால் ஈர்ப்புடையோர் சமூகத்தைக் கடுமையாகத் தாக்கியது. இந்நோயாளிகளுக்கு உதவத் தொடங்கப்பட்ட கே மென்ஸ் ஹெல்த் கிரைசிஸ் அமைப்பின் தொடக்ககால நிதி திரட்டும் நிகழ்ச்சி 1982 ஏப்ரலில் பாரடைஸ் கராஜில் நடைபெற்றது. கூடத்தின் உறுப்பினர் பலர் அடுத்த ஆண்டுகளில் மறைந்தனர். உரிமையாளர் பிராடியும் நோயுற்றார். குத்தகைக் காலமும் முடிவடைந்த நிலையில், 1987 செப்டம்பர் இறுதியில் நடைபெற்ற கடைசி விருந்துடன் கூடம் மூடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பிராடி காலமானார்.

கூடத்தை இழந்த லெவன் அதன்பின் நிலையான இடம் எதையும் பெறவில்லை. நியூயார்க்கின் வேறு கூடங்களில் அவ்வப்போது பணியாற்றினார். போதைப்பொருள் பழக்கம் அவரை வாட்டியது. தமது அரிய இசைத்தட்டுகளை விற்கும் நிலைக்கும் அவர் வந்தார். நண்பர்கள் சிலர் அவற்றை வாங்கி அவரிடமே திருப்பித் தந்தனர்.

1991 செப்டம்பரில் இலண்டனில் திறக்கப்பட்ட மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் என்னும் கூடம், பாரடைஸ் கராஜை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அதற்கு அழைக்கப்பட்ட லெவன் திட்டமிட்டதைவிட நீண்ட காலம் அங்கு தங்கி, ஒலியமைப்பைச் செம்மை செய்வதில் உதவினார். 1992இல் ஃபிரான்சுவா கெவோர்க்கியன் என்னும் டி.ஜே.யுடன் ஜப்பானில் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். நாடு திரும்பிய சில மாதங்களில், நவம்பர் 8, 1992 அன்று, இதய உள்ளுறை அழற்சியால் ஏற்பட்ட இதயச் செயலிழப்பினால் காலமானார். அப்போது அவருக்கு வயது 38.

ஒரு பாணியா, பல பாணிகளா?

லெவனின் காலத்திற்குப் பின் மின்னணு நடன இசை ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டிரம் அண்ட் பேஸ் எனப் பல கிளைகளாகப் பிரிந்தது. இசைத்தட்டுக் கடைகளின் அடுக்குகளும் நிகழ்ச்சி விளம்பரங்களும் இப்பெயர்களால் வகுக்கப்பட்டன. டி.ஜே.க்களும் இவற்றுள் ஒன்றால் அறியப்படலாயினர்.

ஒரே பாணியைத் தேர்ந்தெடுப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஒரு வகையின் பாடல்களை ஆழமாக அறிந்தவரே அவற்றுள் சிறந்தவற்றைப் பிரித்தெடுக்க இயலும். வருபவர்களுக்கும் எதை எதிர்பார்க்கலாம் என்பது முன்கூட்டியே தெரியும். எல்லாவற்றிற்கும் மேலாக, பாணி என்பது டி.ஜே. தம்முடன் எடுத்துச் செல்லக்கூடியது. சிகாகோவை விட்டு வெளியேறிய பின்னும் நக்கிள்ஸிடம் ஹவுஸ் இருந்தது.

பல பாணிகளைக் கையாள்பவருக்கோ அவற்றைப் பிணைக்கும் வேறு ஏதேனும் ஒன்று தேவை. லெவனுக்கு அது பாரடைஸ் கராஜ். நம்பிக்கை கொண்ட மக்கள், நீண்ட இரவு, அவர் செவிக்கேற்ப அமைந்த ஒலிபெருக்கிகள், அடுத்த வாரம் என்னும் உறுதி ஆகிய நான்கும் சேர்ந்தே ராக் பாடலையும் தேவாலயச் சாயல் கொண்ட பாடலையும் ஒன்றாக்கின. இவ்வகையில் அவரும் ஒரு தனித்துறை வல்லுநரே. அவரது துறை ஓர் இசை வகை அன்று; ஓர் இடமும் அதன் மக்களும் ஆகும். அவ்விடம் மறைந்தபோது அவருக்கு ஏற்பட்ட இழப்பின் அளவையும் இதிலிருந்தே உணரலாம்.

இன்னொரு முரணும் உண்டு. எந்த வகைக்குள்ளும் அடங்காதவரின் கூடத்துப் பெயரே பின்னர் ஒரு வகையின் பெயராயிற்று. நியூயார்க், நியூ ஜெர்சி பகுதிகளில் குரலுக்கு முதன்மை தந்த ஹவுஸ் பாடல்கள் கராஜ் எனப்பட்டன. 1990களில் இங்கிலாந்தில் தோன்றிய யுகே கராஜும் அப்பெயரையே கொண்டது. ஆனால் இவ்விரண்டில் எதையும் மட்டும் கேட்டு லெவனின் ஓர் இரவு எப்படி இருந்திருக்கும் என்று அறிய இயலாது.

மரபு

1979இல் பாரடைஸ் கராஜில் பதிவு செய்யப்பட்ட லெவனின் நிகழ்ச்சி ஒன்று 2000ஆம் ஆண்டு இசைத்தொகுப்பாக வெளியிடப்பட்டது. 2004இல் நடன இசைப் புகழ் மண்டபத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது. 2014 மே மாதத்தில் கிங் தெருவில் இவரது நினைவாக நடைபெற்ற தெரு விழாவில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். பாரடைஸ் கராஜ் இயங்கிய கட்டடம் 2018இல் இடிக்கப்பட்டது. இவரது ரீமிக்ஸ்கள் இன்றும் உலகின் பல நடனக் கூடங்களில், ஒரு பாணியினராலும் பல பாணியினராலும், ஒலிக்கச் செய்யப்படுகின்றன.